இரும்பு ஆகாத இடம்

பெல்ட் கட்டாமல் வகுப்புக்கு வரும் என்னைப் பார்த்து என் மாணவர்கள் பின்னால் சிரித்துக்கொள்வார்கள். சாவியையும் நான் சட்டைப்பையில் வைப்பதில்லை. வேண்டுதல் ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருப்போம். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், புடவையில் குத்திய ஊக்கு, கொண்டையில் செருகிய ஹேர்பின் எல்லாம் அந்த வாளியில் விழுந்த பிறகுதான் யாரும் உள்ளே வரலாம். துறைத்தலைவரே வந்தாலும் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். அந்த ஒரு காட்சிக்காகவே எனக்குக் குவாண்டம் இயற்பியல் பிடித்துப்போனது என்று சொன்னால் மிகையில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்கள் தனி ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட வருஷம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பாதையில் எங்கள் ஊர். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். அப்பா இல்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஏர் பிடித்ததால் நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெற்கே நாகர்கோவில் பக்கம். மெலிந்த உடம்பு, பொறுமை கம்மி. அவளுடைய முதல் மூன்று வருஷமும் வீணாய்ப் போயிருந்தன. அவள் எடுத்த வேலைக்குத் திரவ ஹீலியம் வேண்டும். அது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற சமாச்சாரம், எங்களுக்கு எட்டாது. அந்தச் சமயத்தில்தான் உலகம் முழுக்க ஒரே பரபரப்பு. கறுப்பாக ஒரு பீங்கான். அதை வெறும் திரவ நைட்ரஜனில் முக்கினாலே மின்தடை சுத்தமாக இல்லாமல் போகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். திரவ நைட்ரஜன் மாட்டாஸ்பத்திரியிலேயே கிடைக்கும். காளை விந்தை அதில்தான் போட்டு வைப்பார்கள். எங்களுக்கு விடிந்துவிட்டது என்று அக்கா குதித்தாள்.

பொடியை உரலில் அரைத்து, உலையில் சுட்டு, கமர்கட் அளவுக்கு வில்லைகள் செய்தோம். வில்லையில் துளை போட்டு, மெல்லிசாக ஒரு பாலம் மட்டும் விட்டு இழைக்க வேண்டும். பாதி வில்லைகள் கையிலேயே உடைந்தன. உடைகிற ஒவ்வொன்றுக்கும் அக்கா என்னைத்தான் திட்டுவாள், நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும்.

அந்த வில்லை என்ன செய்யும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். காந்தம் அந்த வளையத்துக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. ஒரு முழு அளவு, இரண்டு முழு அளவு என்றுதான் நுழையும். பஸ்ஸில் குழந்தைக்கு அரை டிக்கெட் உண்டு, இங்கே கிடையாது. காந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், வில்லையை வைத்த கருவியிலிருந்து தாளில் ஓடுகிற பேனா ஒரே அகலத்தில் பல் பல்லாக, ரம்பம் மாதிரி வரைந்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பல்லும் ஒரு டிக்கெட். அந்தப் பற்களைக் காட்டினால் அக்காவுக்கு டாக்டர் பட்டம். காட்டாவிட்டால் சித்திரையோடு உதவித்தொகை முடிகிறது, ஊருக்குப் போய் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் பேராசிரியர் ஒளிவுமறைவு இல்லாமல் அப்படியே சொல்லிவிட்டார்.

சென்னையில் பேனா பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. மின்சார ரயில் போனால் ஆடும், லிஃப்ட் ஏறினால் ஆடும், பக்கத்தில் ஓர் ஊக்கு அசைந்தாலும் ஆடும். காதுக்குக் கேட்காத இந்த ஆட்டத்தை நாங்கள் இரைச்சல் என்போம். இரைச்சல் இல்லாத இடம் வேண்டும் என்று பேராசிரியர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரயில் இல்லை, மின்கம்பி இல்லை, ஆலை இல்லை என்று விரலால் தேய்த்துக்கொண்டே வந்தவர் கல்வராயன் மலையில் நிறுத்தி, "இது உன் ஊர்ப்பக்கம்தானே?" என்று என்னைக் கேட்டார்.

வரைபடம் ரொம்பப் பழசு என்பதை யாரும் பார்க்கவில்லை. உலகத்திலேயே நுட்பமான அளவுக்கருவியைச் செய்கிறவர்கள், வரைபடம் எந்தக் காலத்தது என்று பார்க்காமல் ஜீப்பில் ஏறினோம். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் எங்களுக்காகப் பேசி வைத்திருந்த காலிக் கிடங்கின் வாசலிலேயே புதிதாக ஒரு கரண்டு கம்பம் நின்றது. பக்கத்தில் ரோடு போடும் வேலை. கல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அக்கா ஜீப்பிலிருந்து இறங்காமல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரிகளையும் கருவியையும் சுமந்துகொண்டு வேறு எங்கே போவது? சென்னைக்கு இது சொர்க்கம் என்று பேராசிரியர் சமாதானம் சொல்லிவிட்டு மறுநாளே கீழே இறங்கிவிட்டார்.

வந்த முதல் வாரம் எங்களைத் தேடி ஆட்கள் வந்தது அறிவியலுக்காக அல்ல. கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் நைட்ரஜன் பிடிக்க நாங்கள் வைத்திருந்த அலுமினியக் கேன், சினை ஊசி போடுகிறவர்கள் கொண்டுவரும் அதே கேன். மலைக்காரர் ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டார். மாடு நேற்றிலிருந்து கத்துகிறது, சீக்கிரம் போடுங்கள் என்றார். நாங்கள் அந்த ஆட்கள் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேனைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். வெள்ளைப் புகை வந்ததைப் பார்த்ததும், வைத்துக்கொண்டே இல்லை என்கிறீர்களே என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் வாதாடிக்கொண்டு நின்ற மதியம் வரைக்கும் மாட்டின் கழுத்துச் சங்கிலியால் பேனா ஆடியது. அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பெல்லாம் குறைந்துபோயிற்று. லாரி இல்லாதபோது கரண்டு இருக்கும். கரண்டு போனால் லாரி வந்துவிடும். பல் இருக்க வேண்டிய இடத்தில் கோழி கிறுக்கியதுபோல் ஏதோ இருக்கும். நல்ல வில்லைகள் இரண்டுதான் மிச்சம். ராகிக் களியும் புளிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு ஆவணி முழுக்க அப்படியே போனது. இன்று நினைத்தால், அந்தக் கிடங்கின் நெல் உமி வாசனையும், மழைக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கும் குளிரும், வாளியில் கிடந்த அக்காவின் ஊக்குகளும் எனக்கு ஏங்க ஏங்க நினைவுக்கு வருகின்றன. அப்போது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தோம் என்பதுதான் நிஜம்.

புரட்டாசியில் நைட்ரஜன் தீர்ந்தது. நான் கேனைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். மறுநாள் கேனை நிரப்பிக்கொண்டு பேராசிரியர் அனுப்பியிருந்த ஜீப்பில் திரும்பும்போது எங்கள் ஊர் எல்லையில் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. அதன் மேல் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் அண்ணன்.

போராட்டம் நடக்கப்போகிறது என்பது தெரியும். அண்ணன் முன்னால் நிற்பான் என்பது தெரியாது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இறங்கிப் போனேன்.

"ஜீப்ப மட்டும் வுடுண்ணே. ஒரே ஒரு கேன்தான்."

"ஜீப்பு போவாது."

"காலையில பால் வண்டிய வுட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"பால கொழந்தைங்க குடிக்கும். இத நீ குடிப்பியா?"

மரத்தின் மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவின் நிலைமையைச் சொன்னேன், உதவித்தொகை முடியப்போவதைச் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டான்.

"உனக்கு ஒரு சீட்டு கெடச்சிது, படிச்சிக்கினு இருக்கற. சந்தோஷம். இவனுங்க புள்ளைங்க எத்தினி பேரு படிக்கறாங்க, எண்ணிப் பாத்தியா? தம்பிக்காரன் வண்டின்னு இத வுட்டா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு இங்க குந்துவேன்?" கொஞ்சம் நிறுத்தி, "நடந்து போறவன யாரும் தடுக்கல. என் சைக்கிள எடுத்துக்கினு போ" என்றான்.

கேனைச் சைக்கிள் கேரியரில் அவனே வைத்துக் கட்டினான். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான். கச்சிராயபாளையம் தாண்டும் வரைக்கும் வழியெல்லாம் மரங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாராவது இறங்கி வந்து சைக்கிளை அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். வெட்டிய மரங்கள் விழுந்து மின்கம்பிகளும் அறுந்து கிடந்தன. அதற்கு மேல் மலையேற்றம் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். அண்ணனைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "தம்பி, காலைல இருந்து கரண்டு இல்ல. லாரியும் வரல. என்ன ஆச்சு?" என்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

முதல் பல் வந்தபோது இருவரும் நம்பவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. ஒரே அகலம், ஒரே உயரம். பேனா அவ்வளவு அமைதியாக நடந்து நான் பார்த்ததில்லை. அக்காவின் கண்ணிலிருந்து அதுபாட்டுக்கு நீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே சமவெளியில் எந்த வண்டியும் ஓடாத அந்த வாரம் முழுக்க நாங்கள் பற்களாகவே வரைந்து குவித்தோம். என் அண்ணன் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்ததால்தான் இது வருகிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே, "எங்க வீட்ல ஒதுக்கீடுன்னாலே யாருக்கும் பிடிக்காது. நானும் அப்படித்தான் பேசிட்டு இருந்தேன்" என்றாள்.

வாரம் முடிந்தது. போலீஸ் வந்தது, மரங்களை அகற்றினார்கள், கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். லாரியும் வந்தது, கரண்டும் வந்தது. பற்கள் போய்விட்டன. மறுபடி கோழிக் கிறுக்கல். சென்னைக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு போனோம். பேராசிரியர் ஒவ்வொன்றையும் ஆசையோடு தடவிப் பார்த்தார். பிறகு, "ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம். இன்னொரு தடவை வந்தால்தான் இயற்பியல்" என்று சொல்லிவிட்டார். அவரைக் கொன்றுவிடலாம்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

அண்ணன் கொஞ்ச நாள் மலைக்குள் ஒளிந்திருந்தான். அம்மாவைப் பார்க்க இறங்கி வந்தபோது பிடித்துவிட்டார்கள். லத்தியடியில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் எஃகுத் தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். ஜாமீனில் வீட்டுக்கு வந்தவன், பொங்கலுக்குப் பிறகுதான் கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்தான். கேட்டால், உழவு மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது என்று கேலி பேசுவான்.

மாசியில் அக்கா அவனைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தாள். அம்மா காபி கொடுத்தாள். நலம் விசாரித்து முடித்த பிறகு, அக்கா கொஞ்சம்கூடக் கள்ளமில்லாமல் கேட்டாள். "அண்ணே, மறுபடியும் மறியல் எப்போ இருக்கும்?"

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். உலகத்தில் வேறு எவரும் அந்தக் கேள்வியை அந்த வீட்டில் கேட்டிருக்க மாட்டார்கள். சித்திரைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்ற கணக்கைத் தவிர வேறு எதுவும் அவள் தலையில் இல்லை.

அண்ணன் அவளையே பார்த்தான். "ஏம்மா, உங்க மிஷினுக்காக மறிக்க முடியாதுங்க. எங்க ஆளுங்க பாதி பேரு இன்னும் ஜெயில்ல இருக்காங்க. பக்கத்து ஊர்ல ஒரு பையன் போயே பூட்டான்."

அக்காவின் முகம் செத்துவிட்டது. "தப்பாக் கேட்டுட்டேண்ணே" என்று எழுந்தாள். அண்ணன் கையமர்த்தி உட்கார வைத்தான்.

"இப்ப இன்னா வேணும் உங்களுக்கு? கரண்டு கம்பி இருக்கக்கூடாது, வண்டி வரக்கூடாது. அவ்ளோதான?"

"அவ்வளவுதான்."

"அப்டி ஒரு எடம் கீது. நான் ஒளிஞ்சிக்கினு இருந்த எடம். ரோடே கெடையாது. போலீஸுக்கே வழி தெரியல, உங்க இரைச்சலுக்கா தெரியப்போவுது?"

பங்குனியில் போனோம். பாதை இருக்கிற வரைக்கும் மாட்டுவண்டி, அதற்கு மேல் நடை. அண்ணனுக்கு அடைக்கலம் கொடுத்திருந்த மலைக்காரர், கருவியையும் பேட்டரியையும் நைட்ரஜன் கேனையும் தலைச்சுமையாகக் கொண்டுவர ஆட்களை ஏற்பாடு செய்திருந்தார். நீ வராதே, அவரே வழி காட்டுவார் என்று சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. "நான் ஒளிஞ்ச எடத்த நான்தான் காட்டுவேன்" என்று கோலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளம். சாமை அறுத்த காடு, ஓர் ஓடை, ஒரு குடிசை. அங்கே நின்றபோது, வருகிற வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டு வந்தது நின்றுபோனது. அவ்வளவு அமைதி.

குடிசையில் கருவியை வைத்தோம். புரட்டாசியில் பல் காட்டிய அதே வில்லை, மிச்சமிருந்த கடைசி வில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அது நியாயமான ஆசை. இவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறான். வாளியை நீட்டினேன். இரும்பு பட்டன் வைத்த சட்டையைக் கழற்றினான். அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினான். கோலின் அடியில் இரும்புப் பூண் என்பதால் அதையும் வெளியே வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

பேனா எகிறியது.

"கால்ல இருக்கற தகடு?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அது துருப்பிடிக்காத எஃகு. காந்தம் ஒட்டாது. நானே ஒட்ட வச்சிப் பாத்தேன்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் கருவிக்கு அந்தப் புத்தகம் தெரியாது. அண்ணன் காலை அசைத்தால் பேனா அசைந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், அப்போதும் நடுங்கியது. அடிபட்ட கால், ஆடாமல் நிற்க அதற்கு வலு இல்லை.

அவனுக்கே புரிந்துவிட்டது. "நான் வெளிய போறம்மா" என்றான். வாசலில் உட்கார்ந்தான். பேனா கொஞ்சம் அடங்கியது, முழுக்க அடங்கவில்லை. அக்காவால் சொல்ல முடியவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போண்ணே."

போனான்.

"இன்னும் கொஞ்சம்."

கோலை ஊன்றியபடி சாமைக்காட்டைத் தாண்டி நடந்தான். நடுநடுவே நின்று, போதுமா என்பதுபோல் திரும்பிப் பார்த்தான். நான் கையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தான். பேனா நேராக நின்றது.

பற்கள் வந்தன. புரட்டாசியில் வந்த அதே அகலம். அக்கா தாளின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தாள் நிறைந்ததும் இன்னொரு தாள் வைத்தாள், அதுவும் நிறைந்தது. அவளுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. என்னால் பேனாவைப் பார்க்க முடியவில்லை. ஆள் இல்லாத அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவனைக் கூப்பிடப் போனேன். மேட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில், சட்டையில்லாமல், காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அசைந்தால் கெட்டுவிடும் என்று காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான்.

"வந்துச்சா?"

"வந்துடுச்சிண்ணே. நல்லா வந்துடுச்சி."

"அப்ப இனிமே நான் கிட்ட வரலாமா?"

கேனில் நைட்ரஜன் இன்னும் இருந்தது. அது தீரும் வரைக்கும் வரைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பேராசிரியர் உத்தரவு. நாங்கள் இருவரும் மேட்டில் ஏறி வருவதைக் குடிசை வாசலில் நின்று அக்கா பார்த்தாள். உள்ளே போய் பேட்டரி ஒயர்களைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்து, "வாங்கண்ணே" என்றாள்.

அண்ணன் உள்ளே வந்து குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தான், அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான். பேனா அசையவில்லை. நிறுத்திவிட்ட கருவிக்குப் பக்கத்தில் அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.